குற்றம் சாட்டப்பட்ட எலும்புக்கூடு: மேரி அன்னிங்கின் வாழ்வு

1824ஆம் ஆண்டின் தொடக்கம். இங்கிலாந்தின் தென்கரையில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டைப் பற்றிய செய்தி பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை ஆராய்ந்தவர் ஜோர்ஜ் குவியே. அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளைப் பற்றி அவர் சொல்வதே ஐரோப்பாவில் கடைசிச் சொல்லாக இருந்த காலம் அது. ஒன்பது அடி நீளமான உடல், நான்கு துடுப்புகள், மிகச் சிறிய தலை. அவரைத் தடுத்து நிறுத்தியது கழுத்துத்தான். அதில் 35 முள்ளென்புகள் இருந்தன. கால்களோ துடுப்புகளோ உள்ள எந்த நகருயிருக்கும் அப்படியொரு கழுத்து இருந்ததாக அவர் அறியவில்லை. யாரோ கடற்பாம்பு ஒன்றின் தலையையும் கழுத்தையும் வேறொரு விலங்கின் உடலோடு பொருத்தி விற்கப் பார்க்கிறார்கள் என்று அவர் சந்தேகித்தார்.

அந்த எலும்புக்கூட்டைக் கிண்டி எடுத்தவர் மேரி அன்னிங். அப்போது அவருக்கு 24 வயது. பல்கலைக்கழகத்தின் வாசலையும் மிதித்தவரல்லர். கல்லாகிப்போன பழைய உயிரினங்களை, அதாவது உயிர்ச்சுவடுகளை, கடற்கரையில் தேடி எடுத்து விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. இந்த ஒன்று போலி என்று முடிவானால், அதற்கு முன் அவர் விற்ற ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குள் வந்துவிடும். இனி விற்கப்போவதையும் யாரும் வாங்கமாட்டார்கள்.

மேரி 1799 மே 21 அன்று டோர்செற் பிரதேசத்தில் லைம் ரீஜிஸ் என்ற சிறிய கரையோர ஊரில் பிறந்தார். தகப்பன் ரிச்சர்ட் தச்சுத் தொழில் செய்தவர். மேரி பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், அதே பெயரைக் கொண்ட நான்கு வயதுப் பிள்ளை தீப்பற்றி இறந்திருந்தது. போன பிள்ளையின் பெயரையே வந்த பிள்ளைக்கும் வைத்தார்கள். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் இருவர் மட்டும்: தமையன் ஜோசப், தங்கை மேரி. மேரியும் மயிரிழையில் தப்பியவர்தான். 1800 ஓகஸ்ட் 19 அன்று ஊரில் குதிரைச் சாகசம் நடந்தது. அதைப் பார்க்கப் போன ஒரு பெண், குழந்தை மேரியைக் கையில் ஏந்தியபடி மரத்தின் கீழ் நின்றார். இடி விழுந்தது. அவரோடு சேர்த்து மூன்று பெண்கள் இறந்தார்கள். குழந்தை பிழைத்தது.

அது பிரான்சோடு போர் நடந்த காலம். கோதுமை விலை ஏறி, ஏழைகளின் வீடுகளில் பாண் அரிதாகிப்போனது. அதே போர் லைம் ரீஜிஸுக்கு இன்னொன்றையும் கொண்டுவந்தது. ஐரோப்பாவுக்குப் பயணம் போக முடியாத பணக்காரர்கள் உள்நாட்டுக் கடற்கரைகளைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டியிருந்தது. தச்சர் ரிச்சர்ட் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், பாறையிலிருந்து விழுந்த விசித்திரக் கற்களைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, அவர்களுக்கு விற்றார். போரில் யார் எதை இழக்கிறார்கள், யார் எதை விற்றுப் பிழைக்கிறார்கள் என்பது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிக் கணக்காகத்தான் இருக்கிறது.

அந்தக் கற்களில் அதிகம் விற்றது சுருள் வடிவமான அமோனைற். கணவாயின் தூரத்து உறவான ஒரு கடல் உயிரினத்தின் ஓடு அது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் எடுக்கப்பட்டு விஷ்ணு கோயில்களில் பூசை பெறும் சாளக்கிராமமும் அதே இனத்தின் உயிர்ச்சுவடுதான். இங்கிலாந்தில் அதைச் சுருண்ட பாம்பு கல்லானது என்று நம்பினார்கள். பாம்பென்றால் தலை எங்கே என்ற கேள்வி வரும்தானே. வடக்கே விற்பி என்ற ஊரின் வியாபாரிகள் சுருளின் நுனியில் உளியால் பாம்புத் தலை செதுக்கி விற்றார்கள். வாங்குபவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைச் செய்து கொடுப்பது இந்த வியாபாரத்தில் பழைய பழக்கம். குவியேயின் சந்தேகம் ஒன்றும் காற்றிலிருந்து வரவில்லை.

1810 கார்த்திகையில் ரிச்சர்ட் இறந்தார். பாறையிலிருந்து விழுந்த காயமும் காசநோயும் சேர்ந்து அவரைக் கொண்டுபோயின. வயது 44. மிஞ்சியது 120 பவுண் கடன். அந்தக் காலத்தில் ஓர் ஏழைக் குடும்பம் அடைக்கக்கூடிய தொகையல்ல அது. தாயும் இரண்டு பிள்ளைகளும் திருச்சபைப் பங்கு வழங்கிய நிவாரணத்தில் வாழ்ந்தார்கள். மேரிக்கு அப்போது 11 வயது. ஞாயிறு பாடசாலையில் எழுத வாசிக்கக் கற்றதோடு அவருடைய படிப்பு நின்றது. கூடையும் சுத்தியலும் கைக்கு வந்தன.

1811இல் ஜோசப் நான்கு அடி நீளமான ஒரு மண்டையோட்டைக் கண்டான். உடல் எங்கே என்று தெரியவில்லை. அடுத்த வருடம் மேரி அதைக் கண்டுபிடித்தார். ஆட்களைக் கூலிக்குப் பிடித்துத் தோண்டி எடுக்கவேண்டியிருந்தது. ஊரின் நிலக்கிழார் ஏறத்தாழ 23 பவுணுக்கு வாங்கினார். அது லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது; 1819இல் பிரித்தானிய நூதனசாலை 45 பவுணுக்கு வாங்கியது. முதலையா, மீனா, என்னவென்று அறிஞர்கள் வருடக்கணக்கில் விவாதித்த பிறகு அதற்கு இக்தியோசோர், அதாவது மீன்-பல்லி, என்று பெயர் வந்தது. இவர்களை டைனோசர் கண்டுபிடித்தவர்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. டைனோசர் என்ற சொல்லே 1842இல்தான் உருவானது. இக்தியோசோரும், குவியே சந்தேகித்த நீண்ட கழுத்து விலங்கான பிளெசியோசோரும் வேறு கிளையைச் சேர்ந்த கடல் நகருயிர்கள்.

ஒரு பெரிய எலும்புக்கூடு கிடைத்தால் சில மாதங்கள் ஓடும். கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. 1820இல் தோமஸ் பேர்ச் என்ற ஓய்வுபெற்ற படை அதிகாரி அவர்கள் வீட்டுக்கு வந்தார். முன்பு அவர்களிடம் நிறைய வாங்கியவர். வீட்டு வாடகை கொடுக்க அவர்கள் தளபாடங்களை விற்கத் தயாராக இருந்ததைக் கண்டார். தான் சேர்த்து வைத்திருந்த உயிர்ச்சுவடுகளை அந்தக் குடும்பத்துக்கு உதவுவதற்காக லண்டனில் ஏலம் போட்டார்; அதில் 400 பவுண் வந்தது. இந்தக் கதையில் முழுமையாக நல்லவராக நடந்துகொண்ட கனவான்கள் அதிகமில்லை. பேர்ச் அவர்களில் ஒருவர்.

மேரி வேலை செய்த பாறை சுண்ணக்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கான கடற்படிவு. ஏறத்தாழ 20 கோடி வருடங்கள் பழையது. மாரியில் மழையும் அலையும் அதைச் சரிக்கும்போதுதான் புதியவை வெளியே தெரியும். அலை அவற்றை அடித்துக்கொண்டு போகுமுன் எடுத்தாகவேண்டும். ஆகவே எவரும் வெளியே வர விரும்பாத காலநிலையில்தான் அவர் வேலைக்குப் போனார். 1833இல் மண்சரிவு ஒன்று அவருடைய நாய் ட்ரேயை அவர் கண்முன்னே புதைத்தது. இரண்டொரு அடி தள்ளி நின்றதால் அவர் தப்பினார்.

கரையில் எடுத்ததை வீட்டில் படித்தார். விஞ்ஞானக் கட்டுரைகளை வாங்கக் காசில்லை. இரவல் வாங்கி, படங்கள் உட்படக் கையால் பிரதி எடுத்தார். கல்லாகிப்போன உடல் எப்படி இருந்திருக்கும் என்று அறிய மீனையும் கணவாயையும் அறுத்துப் பார்த்தார். இதில் அவருக்குத் துணையாக இருந்தவர் எலிசபெத் பில்பொட். வசதியான குடும்பத்துப் பெண், வயதில் மிக மூத்தவர். ஆனாலும் இருவரும் சேர்ந்தே கடற்கரையில் திரிந்தார்கள். பெலம்னைற் என்ற, கணவாய் போன்ற உயிரினத்தின் உயிர்ச்சுவட்டில் மை காய்ந்துபோய் இருப்பதை மேரி கண்டறிந்தபோது, எலிசபெத் அந்த மையைக் கரைத்தே உயிர்ச்சுவடுகளை வரைந்தார்.

1823 டிசம்பர் 10ஆம் திகதி, தலை முதல் வால் வரை முழுமையான பிளெசியோசோர் கிடைத்தது. மேரி அதை வரைந்து, விபரம் எழுதி அனுப்பினார். பக்கிங்ஹாம் கோமகன் அதை வாங்கினார். அதன் பிறகுதான் பாரிஸிலிருந்து சந்தேகம் வந்தது.

குவியே எண்ணியது நியாயமான எண்ணிக்கை. மனிதனுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழு முள்ளென்புகள்தான். அன்னத்தின் நீண்ட கழுத்திலும் இருபத்தைந்துக்குள் அடங்கிவிடும். 35 என்றால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கல்லில் இருந்தது. கழுத்து என்புகள் ஒன்றையொன்று தொட்டபடி, ஒழுங்காகச் சிறுத்து, இடையில் வெட்டின்றி ஒரே பாறைப் படிவில் கிடக்கின்றனவா? ஒட்டுப்போட்ட இடம் இருக்கிறதா? இதற்கு முன் துண்டு துண்டாகக் கிடைத்தவற்றோடு பொருந்துகிறதா? எலும்புக்கூடு லண்டனுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டது. வழியில் கப்பல் தாமதித்தது. வந்த பிறகும் படிக்கட்டில் ஏற்ற முடியாத அளவு பெரிதாக இருந்ததால் கீழ் மண்டபத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். 1824 பெப்ரவரி 20 அன்று புவியியற் சங்கத்தின் கூட்டத்தில் வில்லியம் கொனிபியர் அதை விளக்கினார். உண்மையானது என்று முடிவானது. குவியேயும் தன் பிழையை ஒப்புக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் மேரி இல்லை. பெண்களை அந்தச் சங்கம் 1919 வரை உறுப்பினராக்கவில்லை. கொனிபியர் தன் உரையில் மேரியின் பெயரையும் சொல்லவில்லை. போலி என்று சந்தேகித்தபோது எடுத்தவரின் கைமேல்தான் சந்தேகம் விழுந்தது. உண்மை என்று நிரூபணமானபோது எடுத்தவர் யார் என்பது ஒருவருக்கும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு பாரிஸின் இயற்கை வரலாற்று நூதனசாலைக்காக இன்னொரு பிளெசியோசோரை மேரியிடமிருந்தே வாங்கினார்கள். விலை 10 பவுண். குவியே வேலை செய்த இடம் அதுதான்.

குவியே செய்த அதே எண்ணிக்கைச் சோதனை இன்றைக்கும் தேவைப்படுகிறது. இன்று சந்தையில் அதிகம் அடிபடுவதில் ஒன்று தும்பி. மேரி வேலை செய்த அதே காலத்துப் பாறை இங்கிலாந்தின் வேறு பகுதிகளிலும் உண்டு. அதிலிருந்து தும்பிச் சிறகுகள் கிடைத்திருக்கின்றன. பீற்றர் புறோடி என்ற பாதிரியார் 1845இலேயே இங்கிலாந்தின் உயிர்ச்சுவடுப் பூச்சிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இன்றைக்கு விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பிரேசிலின் கிராற்றோ சுண்ணக்கல்லிலும் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலும் எடுக்கப்பட்டவை. பிரேசிலில் 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயிர்ச்சுவடு அரச சொத்து. அனுமதியின்றி அங்கிருந்து வெளியே வந்த தும்பி உண்மையானதாக இருந்தாலும் களவுப் பொருள்தான்.

போலித் தும்பி பல வகை. பாதிச் சிறகு உண்மை, மீதி தூரிகை. ஒரு பூச்சியின் உடல், இன்னொன்றின் சிறகு. சில வேளை வெறும் கல்லில் முழுக்க வரைந்தது. வரைபவர் வழமையாகத் தவறுவது நரம்பில். தும்பியின் சிறகு வெறும் வலையல்ல. முன்விளிம்பின் நடுப்பகுதியில் ஒரு கணு இருக்கும். நுனிக்குக் கிட்ட, விளிம்போடு ஒட்டி, ஒரு தடித்த நிறப்புள்ளி இருக்கும். அடிப்பக்கத்தில் நரம்புகள் சேர்ந்து ஒரு முக்கோணம் அமைக்கும். பெருந்தும்பிகளில் பின்சிறகின் அடி முன்சிறகைவிட அகலம். சில குடும்பங்களில் முக்கோணம்கூட முன்சிறகிலும் பின்சிறகிலும் வேறு வேறு திசையில் இருக்கும். எந்தக் குடும்பத்துத் தும்பி என்று இனங்காண்பதும் இந்த நரம்புகளை வைத்துத்தான். அழகாக வரையத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்குத் தெரிவதில்லை. சதுரம் சதுரமாக மீன்வலைபோல் கோடிழுத்து விட்டுவிடுவார்.

உருப்பெருக்குக் கண்ணாடி வைத்தால் இன்னும் தெரியும். வரைந்த கோடு கல்லின் மணிகளுக்கு மேலாக ஓடும், சிறு குழிகளுக்குள் இறங்கித் தேங்கி நிற்கும். நகப்பூச்சு அகற்றும் அசற்றோனில் பஞ்சை நனைத்து ஓரத்தில் தொட்டால் சாயம் பஞ்சில் ஏறும். பசையும் சாயமும் புற ஊதா ஒளியில் கல்லைப்போல் தெரியாமல் வேறாக ஒளிரும். கல்லில் வெடிப்பு ஒன்று ஓடினால் அது சிறகையும் சேர்த்துப் பிளந்திருக்கவேண்டும்; வெடிப்புக்கு மேலாகச் சிறகு முழுதாக இருந்தால் சிறகு பிறகு வந்தது. இவ்வளவும் விற்பவர் நல்லவரா, படித்தவரா என்று ஒருமுறைகூடக் கேட்காமல் செய்யக்கூடிய சோதனைகள்.

மேரியின் காலத்தில் உண்மையாகவே போலி செய்தவர் படித்த, வசதியான ஒருவர்தான். தோமஸ் ஹோக்கின்ஸ் கடல் நகருயிர்களின் எலும்புக்கூடுகளைச் சேர்த்தார். இல்லாத பாகங்களை பிளாஸ்ரரால் செய்து, நிறம் பூசி, முழுமையாக்கிவிடுவார். மேரிக்கு அவரை நேரில் தெரியும். கிடைத்தபடி வைக்காமல், இப்படித்தான் இருந்திருக்கவேண்டும் என்று தான் நினைக்கிறபடி செய்துவிடுகிற மனிதர் என்று அவரைப் பற்றி ஒரு கடிதத்தில் எழுதினார். 1834இல் பிரித்தானிய நூதனசாலை ஹோக்கின்ஸின் தொகுப்பை 1,310 பவுணுக்கு வாங்கியது. வாங்கிய பிறகுதான் அங்கே பொறுப்பாக இருந்த சார்ள்ஸ் கோனிக், முழுமையான எலும்பு என்று நினைத்த பாகங்கள் பிளாஸ்ரர் என்று கண்டார். விவகாரம் பாராளுமன்றக் குழு வரை போனது. ஹோக்கின்ஸ் சிறைக்கும் போகவில்லை, பட்டினியும் கிடக்கவில்லை. மேரி ஒரேயொரு எலும்பில் இப்படிச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

மேரியின் பெயரில் அச்சில் வந்த விஞ்ஞான எழுத்து ஒன்றுதான். 1839இல் ஓர் இயற்கை வரலாற்று இதழ், ஹைபோடஸ் என்ற அழிந்துபோன சுறாவைப் பற்றிப் புதிய கண்டுபிடிப்பு என்று ஒன்றை வெளியிட்டது. அது புதியதல்ல, அத்தகைய மாதிரிகளைத் தான் ஏற்கனவே கண்டிருப்பதாக மேரி எழுதினார். இதழ் அவருடைய கடிதத்தின் ஒரு பகுதியை வெளியிட்டது. மற்றபடி அவர் கண்டவற்றை மற்றவர்கள் எழுதினார்கள். 1828இல் அவர் எடுத்த பறக்கும் நகருயிரையும், இக்தியோசோர்களின் வயிற்றுப் பகுதியில் அவர் கவனித்த, பின்னர் எச்சமென்று தெரியவந்த கற்களையும் வில்லியம் பக்லண்ட் எழுதினார். எலும்புகள் நூதனசாலைகளுக்குப் போனபோது, கொடுத்த கனவானின் பெயர் சீட்டில் ஏறியது.

1826இல் கண்ணாடிச் சாளரம் வைத்த ஒரு கடை அவருக்குச் சொந்தமாகியிருந்தது. 1844இல் சக்சனி மன்னரே அங்கு வந்து ஓர் இக்தியோசோர் வாங்கினார். ஆனால் 1835இல் மேரி தன் சேமிப்பை இழந்தார். ஏறத்தாழ 300 பவுண் போனது. பக்லண்ட் முயன்று, வருடத்துக்கு 25 பவுண் உதவிப்பணம் கிடைக்கச் செய்தார். சுவிற்சலாந்து அறிஞர் லூயி அகாசி இரண்டு உயிர்ச்சுவடு மீன்களுக்கு அவர் பெயரை வைத்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அவருடைய பெயரை வைத்தவர் இந்த வெளிநாட்டவர்தான்.

மார்பகப் புற்றுநோய் வந்தது. வலிக்கு அபினிக் கரைசல் குடித்தார். தள்ளாடியதைப் பார்த்த ஊர், குடிக்கப் பழகிவிட்டார் என்று கதைத்தது. 1847 மார்ச் 9 அன்று, 47 வயதில் இறந்தார். அவரைச் சிறுவயதிலிருந்தே அறிந்த ஹென்றி டி லா பெஷ் அப்போது புவியியற் சங்கத்தின் தலைவர். உறுப்பினர் அல்லாத ஒரு பெண்ணுக்கு அந்தச் சங்கத்தில் அஞ்சலியுரை வாசித்தார். 1850இல் ஊர்த் தேவாலயத்தில் அவர் நினைவாக வண்ணக்கண்ணாடிச் சாளரம் வைக்கப்பட்டது. குவியே சந்தேகித்த பிளெசியோசோர் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில், மேரியின் பெயரோடு இருக்கிறது.

அவர் எடுத்தவை எல்லாம் அப்படித் தப்பவில்லை. 1818இல் அவர் ஓர் இக்தியோசோரை ஏறத்தாழ முழுமையாக எடுத்தார். முழு எலும்புக்கூடாக அறிஞர்கள் விபரித்த முதலாவது இக்தியோசோர் அது. அது பேர்ச்சின் கைக்குப் போய், அந்த ஏலத்தில் லண்டன் சத்திரசிகிச்சையாளர் அரச கல்லூரியின் நூதனசாலைக்குப் போனது. 1941 மே மாதம் ஜேர்மன் விமானங்கள் போட்ட குண்டில் அந்த நூதனசாலை அழிந்தது, எலும்புக்கூடும் அழிந்தது. எரிந்துபோன ஒரு சேகரிப்பைப் பற்றி எங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. மிஞ்சியது 1819இல் அச்சான ஒரு வரைபடம் மட்டும் என்றே எண்ணியிருந்தார்கள்.

2022இல் இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூதனசாலையிலும் பேர்லின் இயற்கை வரலாற்று நூதனசாலையிலும் இருந்த இரண்டு பிளாஸ்ரர் வார்ப்புகளைப் பற்றி எழுதினார்கள். எதிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அறியப்படாமலே அவை அங்கே கிடந்தன. ஆய்வாளர்கள் 1819 வரைபடத்தை எடுத்து வைத்து, எலும்பு எலும்பாக ஒப்பிட்டார்கள். பொருந்தியது. குண்டில் போன மேரியின் இக்தியோசோர் அச்சொட்டாக அந்தப் பிளாஸ்ரரில் இருக்கிறது. இரண்டில் ஒன்று இருப்பது, அந்த விமானங்கள் புறப்பட்ட நாட்டின் தலைநகரில்.